பேழையில் வைத்த பெயர்

“செல்வின்” என்று தம்பியின் பெயரைச் சொன்னாள் ஜெபராணி. காதிலிருந்த செவிமணி பெயரை வாங்கிக்கொண்டது. எங்கோ ஓர் அறையில் அழைப்பு ஒலித்தது. ஒலித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

மன்னார் வளைகுடாவின் அடியிலிருந்த ஊர்களில் யாரும் எண்களை மனப்பாடம் செய்வதில்லை. பெயரைச் சொன்னால் போதும். செவிமணி முதலில் தனக்குள்ளேயே இருக்கும் சின்னப் பேழையில் பார்க்கும். அந்தப் பெயருக்கு அங்கே ஓர் இடம் குறித்திருந்தால், நேரே அங்கே போய்விடும். இல்லையென்றால்தான் எல்லா ஊருக்கும் பொதுவான பெயர்க்கூடத்தைக் கேட்கும். அதனால் வீடு மாறுகிறவர்கள் கூடத்தில் மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

ஆனால் வேண்டியவர்களைப் போய் யாராவது கூடத்தில் கேட்பார்களா? தம்பி வேலைக்காக வேறு ஊருக்குக் கிளம்பிய அன்று, அவன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, அவன் பெயரைத் தன் பேழையில் வைத்தாள் ஜெபராணி. அவனும் அவளை வைத்துக்கொண்டான். அங்கே அதுதான் பாசம்.

இப்போது அவள் நுரையீரல் கடலடிக் காற்றைத் தாங்கவில்லை. நாளை கரைக்குப் போகும் கலத்தில் துணைக்கு ஒருவர் ஏறலாம். இருந்த ஒரே உறவோ இரண்டு வருடமாகப் பேசவில்லை. கடைசியாகப் பேசியபோது அவனை ஏசியது நினைவிருந்தது. கோபமாக இருப்பான் என்றே எண்ணியிருந்தாள். இருந்தாலும் மனசு கேட்காமல் பெயர்க்கூடத்துக்குப் போனாள்.

அங்கே வேலை செய்யும் பெண் மைதீன் பாத்து, செவிமணியை வாங்கிப் பார்த்தாள்.

“அக்கா, இவ்வளவு நாளா ஒங்களுக்குப் பதில் சொன்னது ஒங்க பேழைதான். எங்ககிட்ட நீங்க ஒரு தடவகூட கேக்கலயே. தம்பி வீடு மாறியிருப்பாரு. நீங்க காலி வீட்ட தட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க.”

“அப்போ அவன் கோவிக்கலயா?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? பேழையிலருந்து பேர எடுத்துட்டுக் கேளுங்க.”

எடுக்க ஜெபராணிக்குக் கை வரவில்லை. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். “செல்வின்” என்றாள்.

அப்படி ஒரு பெயர் இல்லை என்றது கூடம்.

மைதீன் பாத்துவின் முகம் வாடியது. “ஒரு வருசம் யாருமே கேக்காத பேர கூடம் தானாவே அழிச்சிரும்க்கா. எடம் வேணும்ல.”

“அவன் தங்கமான பய பிள்ள. கூட வேல செஞ்சவங்க எல்லாரும் அவன் மேல உசுரயே வச்சிருந்தாங்க.”

“அதான் வினையே. அத்தன பேரும் பேழைல வச்சிருப்பாங்க. இங்க வந்து யாரு கேப்பா? வரி வாங்குற அதிகாரி பேரு மட்டும் அழியவே அழியாது. அவர எவன் பேழைல வச்சான்?”

ஜெபராணி சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. போன வருடம் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓரறைக்கு மாறியதும், கூடத்தில் மட்டும் சொன்னதும் அப்போதுதான் உறைத்தது.

“என் பேரக் கேட்டுப் பாரு.”

மைதீன் பாத்து கேட்டாள்.

“இல்லக்கா.”

அடியோடு மறக்கப்பட்டவளுக்கும் நெஞ்சோடு வைக்கப்பட்டவளுக்கும் கூடத்தில் ஒரே பதில்தான். தம்பியும் அவளுடைய பழைய வீட்டைத் தட்டிக்கொண்டிருக்கலாம். தட்டாமலும் இருக்கலாம்.

கரையில் தனக்குத் தரப்போகும் அறையைக் குறித்துத் தன் பெயரைப் புதிதாக எழுதச் சொன்னாள். மறுநாள் தனியாகக் கலம் ஏறினாள்.

கரையில், காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, “ஜெபராணி” என்று சொல்வாள். கூடம் தேடிக் கண்டுபிடித்து அவள் காதிலேயே மணியடிக்கும். எடுப்பாள். மறுபக்கம் அவள் மூச்சே கேட்கும். பெயர் இன்னும் அழியவில்லை என்று தெரிந்ததும் அழைப்பை வைத்துவிடுவாள்.

பிறகு ஜெபம். தம்பி தன்னைப் பேழையிலிருந்து தூக்கி எறிந்திருக்க வேண்டும், கூடத்தில் கேட்க வேண்டும் ஆண்டவரே என்று, தினமும் அதே ஜெபம்.