ஒன்று நான்கான எழுத்து

அது ஆடியா, ஆவணியா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்று மழை பெய்ததாக வைகுண்டராஜுக்கு ஒரு நினைவு. பெய்யவே இல்லை என்கிறாள் தங்கபாய். ஸாவித்ரி பையிலிருந்து எடுத்து வைத்த லேபிளும் அவள் மோதிர விரலில் இருந்த குங்குமக் கறையும் மட்டும் அவருக்கு மறக்கவில்லை.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் ஜகந்நாதனின் மனைவி ஸாவித்ரி. வைகுண்டராஜ் தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருந்த அவர் வீட்டுக்கு அவள் வந்தபோது, பக்கத்தில் பிரௌசிங் சென்டர் நடத்தும் தங்கபாயும் அங்கே இருந்தாள்.

“பிரான்ஸுக்குப் போன நாப்பது பெட்டியும் திரும்பி வந்துட்டு அண்ணாச்சி. லேபிள்ல பேரெல்லாம் கந்தல். அதை டைப் அடிச்சது எங்க கம்பெனியில வேலை பாக்குற மம்சாபுரத்து ஏசம்மா. லீவு குடுக்கலைன்னு வேணுமின்னே கெடுத்தேன்னு நாலு மணிக்குள்ள எழுதிக் குடுக்கணுமாம், இவுக ஒத்தக் கால்ல நிக்காக. எழுதிட்டா அந்தப் புள்ளைக்கு இந்த ஊர்ல எவன் வேலை குடுப்பான்?” என்றாள் ஸாவித்ரி.

வைகுண்டராஜ் லேபிளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் போயிற்று. தங்கபாய்க்குப் பொறுக்கவில்லை.

“வாயில என்ன கொழுக்கட்டையா அண்ணாச்சி?”

“கை தவறியிருந்தா இடத்துக்கு இடம் மாறும், தங்கம். இங்க தலையில கோடு போட்ட é வர்ற எடத்துல எல்லாம் ஒரே மாதிரி ÃƒÂ©. சாதா எழுத்து ஒண்ணுகூடக் கெடலை.”

“அப்போ மிஷின் வேலை! பழைய சாஃப்ட்வேர்ல திறந்தா இப்படி ஆகும். ஆனா ஒண்ணு ரெண்டாத்தானே ஆகும்? இது நாலால்ல இருக்கு?”

“அதைத்தான் பாக்கணும். கெளம்பு.”

கம்பெனிக்குள் அவர்கள் நுழைந்தபோது மூன்றரை. ஏசம்மாளின் நாற்காலி காலியாக இருந்தது. அவளுடைய லேப்டாப் புதியது. அறையின் மூலையில், ஆண்டாள் படத்துக்குக் கீழே, சந்தனப் பொட்டு வைத்த பழைய கணினி ஒன்று இருந்தது. அதன் மௌஸில் குங்குமம் ஒட்டியிருந்தது.

“அப்பா வாங்கினது. ஆர்டர் வந்த அன்னைக்கும், லேபிள் அச்சுக்குப் போற அன்னைக்கும் நல்ல நேரம் பாத்து ஃபைலை அதுல திறந்து ஸேவ் பண்ணுவோம்” என்றார் ஜகந்நாதன்.

“யாரு திறக்கிறது?”

“கைராசிக்காரிதான்” என்று மனைவியைக் காட்டினார்.

“இதுக்கு முன்னாடி சரக்கெல்லாம் எங்க போச்சு?”

“துபாய், கொழும்பு.”

“அங்க போறது வெறும் இங்கிலீஷ் லேபிள், கோடு போட்ட எழுத்து கிடையாது. அதான் இத்தனை நாளும் தப்பிச்சுது.” வைகுண்டராஜ் மெதுவாகச் சொன்னார். “கம்ப்யூட்டருக்கு எழுத்துன்னா எண்ணுதான், தந்தி மாதிரி. சாதா இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு எண். கோடு போட்டதுக்கு ரெண்டு எண். இந்தப் பழைய சாஃப்ட்வேர் ஒரு எண்ணை ஒரு எழுத்துன்னு படிக்கும். அதனால திறந்து ஸேவ் பண்ணினா ஒரு எழுத்து ரெண்டாகும். அந்த ரெண்டும் சாதா எழுத்து இல்ல, ஒவ்வொண்ணும் ரெண்டு எண்ணா ஸேவ் ஆகும்; மறுபடியும் திறந்தா ரெண்டு நாலாகும். ரெண்டு நல்ல நேரம், நாலு எழுத்து.”

ஸாவித்ரி தன் விரலைப் பார்த்தாள்.

“முதல் தடவையே ரெண்டாத்தான் அந்தப் புள்ள கைக்கு வந்திருக்கும். உங்ககிட்ட கேக்கலையா?”

“கேட்டா. வந்தபடியே அடின்னேன்” என்றார் ஜகந்நாதன்.

“இப்ப அவ எங்க?”

“மூணு மணிக்கே எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டா.”

அந்தக் கடிதத்தை ஜகந்நாதன் அங்கேயே கிழித்தார். மாலையில் ஸாவித்ரியே மம்சாபுரத்துக்குப் போனாள். ஏசம்மாள் வாசலிலேயே நின்று பேசினாள்.

“அம்புட்டு பேரு முன்னாடி வாசிக்கச் சொன்னாகக்கா. இனி அந்த கேட்டுக்குள்ள எப்படி வாரது?”

புது லேபிள் ஒட்டிய பெட்டிகள் நாற்பதும் போய்ச் சேர்ந்தன. ஏசம்மாள் கோவில்பட்டியில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். பழைய கணினி வயர் பிடுங்கப்பட்டு, பொட்டோடு அதே மூலையில் இருக்கிறது. ஜகந்நாதன் இன்னும் நல்ல நேரம் பார்க்கிறார். ஸாவித்ரி எதையும் தொட்டுத் தருவதில்லை. தங்கபாய் கடையை விரிவாக்கிவிட்டாள். லேபிளைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரம் இல்லையென்றால் மூன்று மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்பதை வைகுண்டராஜ் யாரிடமும் சொன்னதில்லை.