பின்சீட்டின் ஈரம்

பின்சீட்டின் இடது மூலை ஈரமாக இருந்தது.

செகந்திராபாத்தை ஒட்டிய பேகம்பேட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைக்குக் கீழே, மாதக்கணக்கில் உறை போர்த்தி நின்ற கார் அது. கண்ணாடிகள் இறுக மூடியிருந்தன. உள்ளே தோல் இருக்கையின் மணம், எப்போதோ தெளித்த செண்டின் மிச்சம், அதற்கும் அடியில் எங்கிருந்தோ ஏரிச்சேற்றின் குளிர்ந்த நாற்றம். இளங்கோவன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சில்லென்றது. ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்து எழுந்த அளவுக்கு மட்டும் ஈரம். சுற்றிலும் தோல் உலர்ந்து கிடந்தது.

“ஏசி தண்ணியா இருக்கும் சார்” என்றார் தரகர் முகமது யூசுப். ஆம்பூர்க்காரர். சாவியைக் கொடுத்த கையோடு விலகிப்போய்த் தூணோரம் நின்றுகொண்டுதான் சொன்னார். “மெக்கானிக்கிட்ட காமிச்சிட்டு வாங்க. நல்ல வண்டி. மூணு ஓனரு மாறியிருக்கு, அவ்ளோதான்.”

ஓடாமல் நின்ற காரில் ஏசித் தண்ணீர் எப்படி வரும் என்று இளங்கோவன் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவன் இல்லை. வேலை பார்த்த மாதாப்பூர் கம்பெனி அவனை வெளியே அனுப்பி ஏறக்குறைய ஒரு வருஷமாகிறது. திங்கட்கிழமைக்குள் ஒரு பெரிய காரோடு வந்தால், வெளிநாட்டு விருந்தினரை விமான நிலையத்திலிருந்து அழைத்துவரும் வேலையைத் தருவதாக ஒரு ஓட்டல் மேலாளர் சொல்லியிருந்தார். அவன் கைக்கு எட்டக்கூடிய ஜெர்மன் கார் இந்த ஊரிலேயே இது ஒன்றுதான். மனைவி ப்ரியா இப்போதெல்லாம் ஷிப்டுக்குக் கிளம்பும்போது அவன் முகத்தைப் பார்ப்பதில்லை.

அன்றும் அவள் வேலைக்குப் போயிருந்ததால், ஆறு வயது வர்ஷினியைக் கூடவே அழைத்து வந்திருந்தான். முன்சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினான்.

மெக்கானிக்கைப் பார்க்க மல்காஜ்கிரிக்குப் போகும் வழியில் அந்தி சாய்ந்து மழையும் பிடித்துக்கொண்டது. இன்ஜின் ஓடுவதே தெரியாத கார். வெளிச்சத்தம் எதுவும் உள்ளே வரவில்லை. அதனால்தான் பின்னாலிருந்து வந்த அந்தச் சின்ன ஒலி அவ்வளவு தெளிவாகக் கேட்டது. நகத்தால் தோலை மெல்லச் சுரண்டுவது போல. நிற்கும். மறுபடி தொடங்கும். கண்ணாடியில் பார்த்தான். வெறும் சீட். வர்ஷினி மட்டும் திரும்பி உட்கார்ந்து, பின்பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னடா பாக்குற?”

“ஏம் லேது நான்னா” என்றாள், பள்ளித் தெலுங்கில். அப்பாவிடம் ஒன்றுமில்லையாம். சொல்லிவிட்டு மறுபடி பின்னால் பார்த்துத் தலையாட்டினாள், யாருக்கோ சரி என்பது போல.

மெக்கானிக் லட்சுமணன் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ரயில் பாதையை ஒட்டித் தகரக் கொட்டகை. இன்ஜினைப் பார்த்தார், காரைத் தூக்கி அடியில் பார்த்தார், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். பிறகு பின்சீட்டைக் கழற்றித் தரைவிரிப்பைத் தூக்கினார்.

“வெள்ளத்துல முங்குன வண்டின்னா கீழ இருக்கிற இரும்பு காட்டிக் குடுத்துடும் சார். இது சுத்தம், துருவே இல்ல. ஆனா இத பாருங்க.” சீட்டின் பஞ்சை இரு கைகளாலும் பிழிந்தார். கறுப்புத் தண்ணீர் சிமெண்டுத் தரையில் வழிந்தது. வழிந்துகொண்டே இருந்தது. “எங்கேர்ந்து வருது? மாலூம் நை, தெரியல.”

“இன்ஜின் நல்லாருக்குல்லண்ணே?”

“இன்ஜின் ஃபர்ஸ்ட் கிளாஸ். எதுக்கு அவசரம்? சர்வீஸ் சென்டர்ல நம்ம பாலா இருக்கான். இது எதுக்கெல்லாம் அங்க வந்துச்சுன்னு கேட்டுக்கலாம்.”

அவர் சீட்டை மாட்டிவிட்டு போனில் பாலாவைத் தேடிக்கொண்டிருந்தார். வர்ஷினி கண்ணைக் கசக்கினாள். கொட்டகை எங்கும் ஒழுகியது. இளங்கோவன் பின்கதவைத் திறந்து, உலர்ந்த வலதுபக்கத்தில் அவளைப் படுக்கவைத்தான்.

“நக்கோ சார், வேணாம்” என்றார் லட்சுமணன் சட்டென்று. “உள்ள பெஞ்சுல படுக்கட்டும்.”

“கொசு கடிக்கும்ணே. அஞ்சு நிமிஷம்தானே.”

கதவு மெத்தென்று மூடிக்கொண்டது.

போனை ஸ்பீக்கரில் போட்டார் லட்சுமணன். கார் எண்ணைச் சொன்னதும் பாலா அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.

“அந்த வண்டியாண்ணே? மூணு ஓனருக்கும் ஒரே கம்ப்ளெயின்ட்தான். பின்சீட்டு ஈரம். நாங்க ஒவ்வொரு தடவையும் கழட்டிப் பாத்தோம், ஒழுகல் எதுவும் இல்ல.”

“அவ்வளவுதானே?” என்றான் இளங்கோவன். குரலில் கெஞ்சல் இருந்தது. “வேற ஒண்ணுமில்லையே?”

“ஈரம்னு எழுதிக்கிட்டது நாங்க சார். அவங்க சொன்னது வேற. பின்னாடி ஒரு குழந்த இருக்கு, இறங்கமாட்டேங்குதுன்னாங்க. சார், உங்களுக்குப் பிள்ளைங்க இருந்தா தயவுசெஞ்சு பின்னாடி மட்டும்...”

மின்சாரம் போனது. அதே நொடியில் போனும் அணைந்தது.

இருட்டில் ‘டக்’ என்று ஒரு சத்தம். காரின் நான்கு கதவுகளும் ஒன்றாகப் பூட்டிக்கொண்ட சத்தம்.

சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. எடுத்து அழுத்தினான். அசைவில்லை. மறுபடி அழுத்தினான். பூட்டில் நுழைத்துத் திருகினான். திரும்பவில்லை.

“வர்ஷு! கதவத் திறடா! வர்ஷு!”

கண்ணாடியில் முகத்தை ஒட்டினான். உள்ளே கருமை. கருமைக்குள் ஏதோ புரண்டது. சிறியதாக. இரண்டாக.

“சுத்தியல்ணே! சுத்தியலக் குடுங்க!”

லட்சுமணன் இருட்டில் தடவிக்கொண்டிருந்தார். இளங்கோவன் முஷ்டியால் குத்தினான். முழங்கையால் இடித்தான். தோல் கிழிந்தது. கார் வேண்டாம். ஓட்டல் வேண்டாம். ஒன்றுமே வேண்டாம். “எம்புள்ளைய விட்டுரு” என்று யாரிடமோ கதறினான்.

இடதுபக்கக் கதவு தானாகத் திறந்தது.

ஓடினான். சின்னக் கைகள் அவனை நோக்கி நீண்டன. அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டான். அவள் தொப்பலாக நனைந்திருந்தாள். உடம்பு நடுங்கியது. முகத்தை அவன் தோளில் புதைத்துக்கொண்டாள். “ஒண்ணுமில்லடா, அப்பா இருக்கேன்டா” என்று ஈரத்தலையைத் தடவினான். தடவிக்கொண்டே அழுதான். பின்னால் கதவு மெத்தென்று மூடிக்கொண்டது.

விளக்கு வந்தது.

லட்சுமணன் கையில் சுத்தியலோடு நின்றார். அவர் இளங்கோவனைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் திறந்திருந்தது.

இளங்கோவன் திரும்பினான்.

மூடிய கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வர்ஷினி இருந்தாள். இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தாள். அவள் வாய் அகலத் திறந்து திறந்து மூடியது. ஒரு சத்தமும் வெளியே வரவில்லை.

அவன் கழுத்தைச் சுற்றியிருந்த சின்னக் கைகள் மெல்ல இறுகின.