மூடிக்குள் ஈரம்

துடைத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் மறுபடியும் நீர் கோத்திருந்தது. அவன் விரலால் தொட்டுப் பார்த்தான். மழைக்கால ஈரம் சில்லென்று இருக்க வேண்டும். இது வெதுவெதுப்பாக இருந்தது.

பழைய கார்களைப் பழுது பார்ப்பது அவன் தொழில். இன்ஜினுக்குக் கரண்டைப் பங்கிட்டு அனுப்பும் இந்தக் கறுப்பு மூடிக்குள் ஈரம் சேர்ந்தால் வண்டி கிளம்பாது என்பது அவனுக்கு அத்துப்படி. அதனால்தான் மழை தொடங்கும் முன்பே மூடியின் விளிம்பைச் சுற்றிக் கிரீஸ் பூசி, உள்ளே சேரும் ஈரம் வெளியேறுவதற்கென்று விட்டிருந்த ஊசித்துளையையும் பசை வைத்து அடைத்திருந்தான். வேறு எந்த மெக்கானிக்கும் அந்தத் துளையைத் தொடமாட்டான். இவனுக்குத்தான் எதிலும் ஒரு படி மேலே போயாக வேண்டும். "அதுக்கும் மூச்சு விட வழி வேணாமாடா?" என்று அக்கா அன்று கேலி செய்தாள்.

அந்த அக்காதான் இப்போது பின்சீட்டில் இழுப்போடு சரிந்து கிடந்தாள். உறிஞ்சும் மருந்து தீர்ந்து அரை மணி நேரமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் வர இன்னும் ஒரு மணி நேரமாகும் என்றார்கள். மருத்துவமனையோ பத்து நிமிடத் தூரம். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஷெட் முழுக்கப் பெட்ரோலும் ஈர ரப்பரும் கலந்த வாடை. அதற்கெல்லாம் மேலாக அவள் நெஞ்சிலிருந்து வந்த மெல்லிய விசில் அவன் காதை அறுத்தது.

மூடியை உலரத் துடைத்து, பொருத்தி, கிளிப்பை மாட்டினான். விசில் நின்றது.

ஓடிப்போய்ப் பார்த்தான். அக்கா வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். உதடுகள் நீலம். பதறிப்போய்த் திரும்ப ஓடி, ஏன் என்று தெரியாமலே மூடியைக் கழற்றினான். உள்ளே நீர் வழிந்தது. பின்சீட்டில் விசில் மறுபடியும் கேட்டது.

இன்னொரு முறை மூடினான். நின்றது. திறந்தான். வந்தது.

ஊசியை எடுத்து அடைத்த துளையைக் குத்தினான். பசை கல்லாக இறுகியிருந்தது. ஊசி உள்ளேயே முறிந்தது. மூடாமல் வண்டி கிளம்பாது. வண்டி கிளம்பாமல் அக்கா பிழைக்கமாட்டாள். துணியை எடுத்தான்.

"துடைக்காதடா," என்றாள் அக்கா. "அது... என்னுது."

துடைக்கவில்லை. ஈரத்தோடு மூடினான். சாவியைத் திருப்பினான்.

ஒரே திருப்பில் கிளம்பிவிட்டது. கிளம்பியிருக்கவே கூடாது.

பத்து நிமிடமும் அவன் கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. இன்ஜின் சத்தம் மட்டும். ஒரு இழுப்பு. ஒரு நிறுத்தம். ஒரு இழுப்பு.

மருத்துவமனை வாசலில் வார்டு ஊழியர் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார். பின்கதவைத் திறந்து அக்காவின் மூக்கருகே விரலை வைத்தார். அவர் முகம் மாறியது.

"எப்ப சார் மூச்சு நின்னுது?"

"நிக்கல," என்றான் அவன். "நல்லா கேளுங்க."

பானெட்டுக்கு அடியில் இழுப்பு. நிறுத்தம். இழுப்பு. அவன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். அக்காவின் நெஞ்சு அசையவில்லை. கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. இமைத்தன.

"இந்தச் சத்தத்துல என்னத்தக் கேக்கறது? முதல்ல வண்டிய ஆஃப் பண்ணுங்க சார்," என்ற ஊழியர், அவனுக்காகக் காத்திராமல், முன் ஜன்னல் வழியாகச் சாவியைப் பிடித்துத் திருப்பினார்.