கிணற்றுக்கு ராஜா எதற்கு?

"எம் புருசன் உடம்பக் குடுங்கய்யா!"

சிவனம்மாளின் அலறலில் திண்டுக்கல் காவல் நிலையம் அதிர்ந்தது!

1958-ஆம் ஆண்டின் கோடை. இன்ஸ்பெக்டர் இருதயநாதனின் மேஜை மீது நேற்றைய செய்தித்தாள் கிடந்தது.

'குஜிலியம்பாறை அருகே பயங்கரம்! அராஜகவாதி தங்கமுத்து தன் குண்டுக்கே இரை!'

"அராஜகவாதின்னா என்னங்கய்யா?" என்றாள் சிவனம்மாள்.

"குண்டு போடுறவன்!" என்றார் ஏட்டு ஆண்டிச்சாமி.

"தப்பு, ஏட்டு. யாரும் யாரையும் ஆளாம சேர்ந்து வாழலாம்னு நம்புறவன். குண்டைப் பேப்பர்க்காரங்க சேர்த்துக்கிட்டாங்க" என்றார் இருதயநாதன்.

"அவரு கிணறுல்ல வெட்டுனாரு! ஏழு வீட்டுக்கும் பொதுக்கிணறு. பாறைக்கு வேட்டு வச்சாங்க. அதுக்கு முந்தின நாளு இந்தா உக்காந்திருக்காரே, இந்தப் பேப்பர்க்காரரு வந்து 'தலைவரு யாரு?'ன்னாரு. 'அப்படி யாருமில்ல'ன்னு எம் புருசன் சிரிச்சாரு... எங்க கிணத்துக்கு ராஜா எதுக்குங்கய்யா?"

ஆட்டுக்குட்டியின் கழுத்தில் 'ஓநாய்' என்று எவனோ ஒரு பலகையை மாட்டினான். படித்தவர்கள் எல்லாரும் கல்லெடுத்தார்கள். படிக்கத் தெரியாத ஆடு மட்டும் புல் மேய்ந்துகொண்டிருந்தது!

இருதயநாதன் செய்தியோடு இருந்த படத்தை உற்றுப் பார்த்தார்.

திடுக்கிட்டார்!

"நிருபர் சார்... சத்தம் கேட்ட பிறகுதானே கிணத்துக்கு ஓடுனீங்க?"

"ஆமா சார்!" என்றார் பெஞ்சில் இருந்த கோதண்டம்.

"படத்துல கல்லெல்லாம் அந்தரத்துல நிக்குதே!"

கோதண்டத்தின் முகம் வெளுத்தது.

"வெடிக்கிற படம் வேணும்னு ஆபீஸ்ல கேட்டாங்க சார்... வெளிச்சம் வேற போயிட்டிருந்துச்சு. ஒரு கையில கேமரா... மறு கையால வேட்டுக் கம்பியை பேட்டரியில வச்சுட்டேன். அவரு மேல ஏறிட்டாருன்னு நெனச்சேன்!"

"அப்புறம் ஏன்யா அராஜகவாதின்னு எழுதுன?"

"அந்த வார்த்தையைப் போட்டா... எப்படிச் செத்தான்னு யாரும் கேக்க மாட்டாங்க சார்!"

விலங்கு பூட்டப்பட்டது.

சிவனம்மாள் கண்களைத் துடைத்தாள்.

"வெளிய வண்டி நிக்குதுய்யா. அவர ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்."

இருதயநாதன் தலை நிமிரவில்லை.

"கூட்டம் கூடிரும்னு... நேத்தே எரிக்கச் சொல்லிட்டேம்மா. பேப்பரைப் பாத்துட்டு... நான்தான்."

"அர்த்தம் தெரிஞ்ச நீங்களாய்யா?"

"நாளைக்கே... திருத்தம் போடச் சொல்றேம்மா!"

"அப்ப அந்தத் திருத்தத்தையே வண்டியில ஏத்தி விடுங்கய்யா... சும்மா திரும்பக் கூடாதுல்ல!"