அக்கரை நிறுத்தம், நாலு மணி

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அக்கரை நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினேன். மூடிப்போன பள்ளிக்கூடத்தின் வாசல் அது. எதிரே ஏரி. எங்கள் வடக்குப் பின்லாந்தில் டிசம்பர் பிறந்தால் மதியம் இரண்டரைக்கே இருட்டிவிடும். இன்ஜினை அணைத்ததும் ஏரியின் பனிக்கட்டி எங்கோ முனகியது.

என் பெயர் தௌனோ. இருபத்திரண்டு வருடமாக நூலக பஸ் ஓட்டுகிறேன். கூட வருகிறவள் தைமி, குழந்தைகள் பகுதி நூலகர்.

புதுப் புத்தகப் பெட்டி வந்தால் பசித்தவள் சோற்றைப் பார்த்த மாதிரி பாய்வாள் தைமி. வண்டி குலுங்கக் குலுங்கப் படிப்பாள். நிறுத்தம் வந்ததும் குழந்தைகளைக் கம்பளத்தில் உட்காரவைத்துக் கதையைப் பாதி வரை சொல்வாள். சரியாக உயிர் போகிற இடத்தில் நிறுத்திவிடுவாள். "மீதி வேணுமா? எடுத்துட்டுப் போய்ப் படி." எங்கள் ஊர்ப்பக்கம் குழந்தைகள் நூலகர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். முடிவை மட்டும் செத்தாலும் சொல்ல மாட்டார்கள்.

"நீ எங்க புத்தகம் குடுக்கற, தூண்டில்ல போடற" என்று கிண்டல் செய்வேன்.

"மாட்டுதுங்கல்ல, உனக்கென்ன?" என்பாள்.

போன வருடம் நவம்பரில், எதிர்க்கரை நிறுத்தத்தில், ஹில்லா என்ற ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அப்படித்தான் ஒரு கதை சொன்னாள். ஆளில்லாத கலங்கரை விளக்கம், வெளியே பூட்டிய கதவு, உள்ளிருந்து யாரோ தட்டுகிறார்கள். அங்கே நிறுத்தினாள். புத்தகம் அன்று வண்டியில் இல்லை. "அக்கரைல ஒருத்தர் வெச்சிருக்காங்க. இன்னைக்கு நாலு மணிக்குத் திருப்பிக் குடுப்பாங்க. உனக்கு அடுத்த தடவை. ரெண்டு வாரம் பொறுத்துக்கோ."

ஹில்லாவால் பொறுக்க முடியவில்லை. சாலை வழியாக அக்கரைக்கு இருபது கிலோமீட்டர். ஏரி வழியாக அரை கிலோமீட்டர். நவம்பர் பனி ஆளைத் தாங்காது என்று இங்கே நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். அவளுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

மூன்றாம் நாள்தான் ஏரியிலிருந்து உடலை எடுத்தார்கள்.

அதன்பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, நாலு மணிக்கு, இந்த நிறுத்தத்துக்கு அவள் வருகிறாள். முதல் மாதம் பயந்தேன். இப்போது பயமும் இல்லை, வேறு எதுவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி மரத்துப் போயிருக்கிறது.

போன தடவை அவள் திரும்பிப் போனபோது, தைமியும் பின்னாலேயே ஏரிப் பனியில் இறங்கிவிட்டாள். முழங்கால் வரை உள்ளே போனவளை நான்தான் இழுத்துப் போட்டேன்.

"இன்னைக்கு முடிவைச் சொல்லிடறேன் தௌனோ" என்றாள் தைமி. அந்தப் புத்தகம் மடியில் இருந்தது.

"சொல்லித் தொலை. ஒரு வருஷமா வாயில என்ன இருந்துச்சு?"

"சொல்லிட்டா அப்புறம் வர மாட்டா."

"வரலைன்னா நல்லதுதான். இன்னொரு தடவை உன்னை இழுக்க என் தோள்ல பலம் இல்ல."



நாலு மணி.

நான் பொத்தானைத் தொடவில்லை. கதவு திறந்தது.

முதலில் வாடை வந்தது. ஏரியடிச் சேறும் நனைந்த கம்பளியும் கலந்த வாடை. பிறகு படிகளில் ஒவ்வொன்றாக ஈரச் சுவடு. கம்பளத்தின் ஓரத்தில், அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில், ஒரு வட்டம் கறுத்து நனைந்தது.

"அப்புறம்?"

அவ்வளவுதான் கேட்பாள். ஒரு வருடமாக இந்த ஒரு சொல்தான். தைமி ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இன்று புத்தகத்தைத் திறந்தாள். பஸ் நேர அட்டவணையை வாசிப்பது போல, ஏற்ற இறக்கமில்லாமல், கடைசி அத்தியாயத்தை வாசித்தாள். பூட்டு உடைந்தது, உள்ளே இருந்தது யார், அவர் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார், எல்லாம். இத்தனை வருடத்தில் ஒரு கதையின் முடிவை அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

புத்தகத்தை மூடினாள்.

ஹீட்டர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"நல்லா இருந்துச்சு" என்றது குரல்.

சுவடுகள் படியிறங்கின. பனிமீது சின்னக் காலடிச் சத்தம் தூரப் போய்த் தேய்ந்தது. தைமி அழவில்லை. நானும் அழவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். தைமி பிழைத்துக்கொண்டாள், இனி இந்த நிறுத்தத்தில் காபி குடித்துக்கொண்டு சும்மா உட்காரலாம் என்று நினைத்தேன். கதவை மூடக் கையை நீட்டினேன்.

ஏரியில் சத்தம் கேட்டது.

ஒரு ஜோடிக் கால் அல்ல.

அவசரமில்லாமல், நிறையக் கால்கள், பனிமேல் நடந்து வந்தன. இந்த ஏரிக்கு எத்தனை நூறு வயது என்று யாருக்குத் தெரியும். எத்தனை நவம்பர் பார்த்திருக்கும்.

"இவங்களும் கேக்கணுமாம்" என்றது ஹில்லாவின் குரல், படிக்கட்டிலிருந்து. "இதே மாதிரி வேற இருக்கா?"

வெறுங்கால் சுவடு ஒன்று ஏறியது. ஆணியடித்த பழங்காலப் பூட்ஸ் சுவடு ஒன்று. உள்ளங்கை அளவே இருந்த ஒரு சுவடு இரண்டு எட்டு வைத்து, தடுமாறி, மறுபடி நடந்தது. கம்பளம் ஓரம் தொட்டு ஓரம் வரை நனைந்தது. சேற்று வாடையில் எனக்கு மூச்சு முட்டியது.

தைமியைப் பார்த்தேன். வண்டியை எடுக்கச் சொல்வாள் என்று சாவியில் கை வைத்திருந்தேன்.

அவள் முகம் மலர்ந்திருந்தது. ஒரு வருடமாக நான் பார்க்காத முகம். எழுந்து அலமாரியில் விரலை ஓட்டி ஒன்று, இரண்டு, ஐந்து புத்தகம் உருவினாள். ஈரத்தின் நடுவே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"இருக்கே, நிறைய இருக்கே" என்றாள். "உங்களுக்கு எந்த மாதிரி பிடிக்கும்? பயமா இருக்கணுமா, சிரிப்பா இருக்கணுமா?"

எல்லாரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

நாலரைக்குக் கிளம்ப வேண்டும். கீழ்ப்படியில் இன்னும் யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள். சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு, கதவை மூடாமல் காத்திருந்தேன்.