மூன்றாம் வாரத்து ரத்தம்

"நான் பிழைச்சதுதான் சார் குத்தம்" என்றாள் வந்தவள். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் இளைத்த உடம்பு இன்னும் தேறவில்லை; ரவிக்கையின் கை தொளதொளத்தது.

அவளுடைய அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பரவிக்கொண்டிருந்த வைரஸ் காய்ச்சலுக்கு அங்கே ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். வைரஸைப் பிடித்து மடக்கும் ஆன்டிபாடி அது. ஒரு ஊசி போட்டு, வாரம் ஒரு தரம் ரத்தம் எடுத்து, மருந்து உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, மாதம் கழிந்ததும் இரண்டாவது ஊசி போடுவார்கள். அக்கா ஊசி போட்டவர்களில் ஒரு தையல்காரர் போன வாரம் இறந்துபோனார். அவர் ரத்தத்தில் அந்த மருந்தே இல்லையாம்.

"எங்கக்கா மருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்குப் போட்டுட்டு, அவருக்கு வெறும் உப்புத் தண்ணியை ஏத்திட்டாங்களாம். அதே மாசம் அதே காய்ச்சல்ல நான் விழுந்து எந்திரிச்சேன் இல்ல? அதுதான் சாட்சி. திங்கக்கிழமை விசாரணை. அக்கா சுவத்தைப் பார்த்தே உட்கார்ந்திருக்கு சார்."

"கூடப்பிறந்தவளுக்காகன்னா யாரும்மா செய்யமாட்டா? நானே செய்வேன்" என்றார் கண்டக்டர், ஆறுதலாக. சொல்லி முடித்த பிறகுதான் அதில் ஆறுதல் எதுவும் இல்லை என்று அவருக்கே உறைத்தது. பக்கத்தில் இருந்த அவருடைய அத்தான் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அத்தானைத் தெருவில் எல்லோரும் தராசுக்காரர் என்பார்கள். முப்பது வருஷம் கடை கடையாக ஏறி எடைக்கல்லையும் தராசையும் சோதித்து முத்திரை குத்தியவர். ஓய்வுக்குப் பிறகு மனுஷர்களின் வழக்குகள் அவரைத் தேடி வந்தன. பஸ்ஸில் விசில் ஊதி ஓய்ந்த மைத்துனர் கண்டக்டருக்கு அந்த வழக்குகள் இல்லாவிட்டால் பொழுது விடியாது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெரிய டாக்டருக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும், எதையும் மறைக்கவில்லை. லேப்காரர் ஒரு தாளை மேஜையில் விரித்தார். முதல் வாரம், மருந்து இல்லை. இரண்டாம் வாரம், இல்லை. மூன்றாம் வாரம், நிறைய. நான்காம் வாரம், மறுபடி இல்லை.

"மூணாவது வாரம்?" என்றார் தராசுக்காரர்.

"வேற யாரோட ரத்தமாவது மாறியிருக்கும் சார். அதையும் அந்த சிஸ்டர்தான் எடுத்தாங்க."

"மிஷின்?"

"தினமும் சோதிக்கிறோம். மத்த நோயாளிங்களுக்கெல்லாம் சரியாத்தான் காட்டுது. உங்க தராசு மாதிரி நினைச்சிடாதீங்க" என்று லேப்காரர் சிரித்தார்.

பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. "நாலாவது வாரமும் இல்லைன்னு வந்ததும், அவர் உடம்புல மருந்து தங்கலைன்னு முடிவு பண்ணினேன். ரெண்டாவது ஊசியும் வீண்தான்னு நிறுத்தினது நான்தான்."

தராசுக்காரர் இரண்டு பதிவுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஒன்று, தையல்காரரைச் சேர்த்த அன்று எழுதிய படிவம். 'வேறு மருந்து சாப்பிடுகிறாரா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று மனைவி கையெழுத்துப் போட்டிருந்தாள். இன்னொன்று, பார்வையாளர் நோட்டு. காலையும் மாலையும் தவறாமல் அவள் கையெழுத்து. மூன்றாம் வாரத்தில் ஐந்து நாள் மட்டும் வெறும் கோடு.

தையல்காரரின் வீட்டு முன்னறைதான் கடை. மிஷினின் ஊசிக்கடியில் ஒரு சட்டைக் கை பாதியில் நின்றிருந்தது. துணி வெட்டும் மேஜையில் ஆஸ்பத்திரிப் பையை அவர் மனைவி அன்றுதான் கொட்டியிருந்தாள்: துண்டு, முகம் பார்க்கும் கண்ணாடி, சீப்பு, ஒரு சின்ன டப்பா.

"மூணு மாசமா விட்டு விட்டுக் காய்ச்சல். முடி கொத்துக் கொத்தா போச்சு. 'மொட்டைத் தையக்காரனுக்கு எவன்டி அளவு கொடுப்பான்'னு சிரிப்பாரு. அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு" என்று சொல்லிக்கொண்டே சீப்பையும் டப்பாவையும் சேர்த்து ஓரமாக வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில இருக்கும்போது வேற மருந்து ஏதாவது கொடுத்தீங்களாம்மா?"

"மருந்தா? டாக்டர் சொல்லாம நான் எதுக்குங்க கொடுக்கப்போறேன்?"

"நடுவுல அஞ்சு நாள் போகலையே?"

"எனக்கே காய்ச்சல். வாசல்லயே நிறுத்திட்டாங்க. கெஞ்சிப் பார்த்தேன், விடலை." சட்டென்று குரல் மாறியது. "அந்த நர்ஸை சும்மா விட்டுடாதீங்க. என் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டா."

டப்பாவைத் தரமுடியுமா என்று தராசுக்காரர் கேட்டார். இனி யாருக்கு வேணும், எடுத்துக்கோங்க என்றாள்.

"அத்தான், இந்தம்மா பொய் சொல்ற மாதிரி தெரியலையே" என்றார் கண்டக்டர் தெருவில்.

"சொல்லலை மாப்பிள்ளை. அதுதான் கஷ்டமா இருக்கு."

திங்கட்கிழமை விசாரணைக்கு அவளை வரவேண்டாம் என்று தராசுக்காரர் ஆள்விட்டுச் சொல்லிப் பார்த்தார். 'அவரைக் கொன்னது யாருன்னு நான் தெரிஞ்சுக்க வேண்டாமா?' என்று கேட்டு வந்துவிட்டாள். நர்ஸுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நர்ஸின் தங்கை அக்காவின் கையை விடவே இல்லை.

தராசுக்காரர் எழுந்து நின்றார்.

"மருந்தே போடலைன்னா மூணாவது வாரம் மட்டும் அது எங்கிருந்து வந்துச்சு? பொருந்தாத எண்ணை நீங்க தூக்கிப் போட்டீங்க. நான் அதைத்தான் பிடிச்சுக்கிட்டேன். ரத்தம் மாறலைன்னே வெச்சுக்குவோம். அப்போ மருந்து உள்ளே இருந்திருக்கு. மத்த மூணு வாரம் மிஷினுக்குக் கண் தெரியலை. மத்தவங்களுக்கெல்லாம் ஒழுங்கா காட்டின மிஷின் இவர்கிட்ட மட்டும் தவறுதுன்னா, இவர் ரத்தத்துல மத்தவங்ககிட்ட இல்லாத ஏதோ ஒண்ணு இருக்கு. மூணாவது வாரம் மட்டும் அது இல்லை. அந்த வாரம் வேற எது இல்லை?"

கண்டக்டருக்கு நோட்டின் வெற்றுக் கோடுகள் நினைவுக்கு வந்தன. வாயைத் திறந்தார். தையல்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்ததும், வாழ்நாளில் முதல் தடவையாக, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

தராசுக்காரர் டப்பாவை மேஜைமேல் மெதுவாக வைத்தார். "இதுல என்னம்மா இருக்கு?"

"அதுவா? முடிக்குங்க. சத்து மாத்திரை. காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. நானே கையில வெச்சு..." நிறுத்தினாள். "அது மருந்து இல்லீங்களே. சத்துதானே?"

லேப்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அது பயோட்டின்னு ஒரு வைட்டமின். எங்க சோதனையில ஆன்டிபாடியைப் பிடிச்சு ஒட்டவைக்கிற பசையும் அதுதான். ரத்தத்துலயே அது அளவுக்கு மேல இருந்தா, ஒட்டுற இடத்தையெல்லாம் அதுவே பிடிச்சுக்கும். ஆன்டிபாடி ஒட்டாம கழுவுற தண்ணியோட போயிடும். மிஷின் 'இல்லை'ன்னு சொல்லும். மாத்திரையை நாலஞ்சு நாள் நிறுத்தினா ரத்தம் தெளிஞ்சிடும். சார் சொன்னப்புறம், மிச்சம் வெச்சிருந்த நாலு டியூபையும் அந்தப் பசை இல்லாத வேற முறையில சோதிச்சேன். நாலுலயும் மருந்து இருக்கு."

நர்ஸின் தங்கை ஒரு தரம் விம்மினாள்.

"கேட்டவங்க மேலதான் தப்பு" என்றார் பெரிய டாக்டர். "மருந்து சாப்பிடுறாரான்னு கேட்டோம். சத்து மாத்திரைன்னு கேட்கலை. தங்கச்சி பிழைச்சதுலயும் அதிசயமில்லை. இந்தக் காய்ச்சல்ல நிறைய பேர் தானாவே பிழைக்கிறாங்க. அதையும் நான் யோசிக்கலை."

தையல்காரர் மனைவி அவரையே பார்த்தாள். "அந்த ரெண்டாவது ஊசியைப் போட்டிருந்தா?"

"தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

நர்ஸ் எழுந்து, தன் நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் தையல்காரர் மனைவியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "உன்னை வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிட்டேனேம்மா" என்றாள் அவள். "பரவாயில்லைக்கா" என்றாள் நர்ஸ்.

அறிக்கை எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார். தராசுக்காரர் அவர் பக்கம் திரும்பினார். "'நோயாளி சத்து மாத்திரை உட்கொண்டிருந்தார், அதுபற்றி ஆஸ்பத்திரி விசாரிக்கவில்லை'ன்னு எழுதுங்க. யார் கொடுத்தாங்கன்னு வேண்டாம்."

"இல்லீங்க" என்றாள் தையல்காரர் மனைவி. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "நான் கொடுத்தேன்னே எழுதுங்க. அவருக்கு வேற யாரு கொடுப்பா?"