ஓட்டுப் போடும்வரை கோமதி பேசுவாள்

கட்சி அலுவலகச் சுவர்ப்பலகையில் காலையிலிருந்தே ஒரே கூத்து. எத்தனை பேர் வாக்களிக்க வருவார்கள் என்று வருகைக்கணிப்பான் சொன்ன பச்சைக் கோடு உச்சியில் நின்றது. உண்மையிலேயே வந்தவர்களைக் காட்டும் மஞ்சள் கோடோ, சவலைப் பிள்ளை மாதிரி தரையோடு தவழ்ந்தது. மிச்சிகன் மாநிலத்தில் தேர்தல் நாள். பிற்பகலாகிவிட்டது. இரவு எட்டு மணிக்குச் சாவடியைப் பூட்டிவிடுவார்கள்.

"ஊலா, என்ன நடக்குது?" என்று கத்தினார் கிரெக். அவர்தான் அந்தத் தொகுதியின் பிரசாரத் தலைவர். உலகம்மை என்கிற பெயருக்கு அமெரிக்க நாக்கு வளையாததால் அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் ஊலா. வாக்காளர்களை வீட்டைவிட்டுக் கிளப்பும் பொறுப்பு அவளுடையது.

"தெரியல கிரெக். எல்லாரும் வர்றேன்னுதான் சொல்லியிருக்காங்க."

சொல்லியிருந்தார்கள்தான். யாரிடம்? செத்துப்போனவர்களிடம்.

ஜனாதிபதி பெயர் சீட்டில் இல்லாத இடைக்காலத் தேர்தல் என்றால் அந்த ஊரில் பாதிப்பேர் நாற்காலியை விட்டு அசைய மாட்டார்கள். போஸ்டருக்கு மசியவில்லை, கதவைத் தட்டினால் திறக்கவில்லை, கட்சிக்காரர் போன் என்றால் எடுக்கவேயில்லை. அப்போதுதான் குரல்மீட்பான் வந்தது. இறந்தவர்கள் விட்டுப்போன குரல் பதிவுகளை உறவினர்கள் குரல் வங்கியில் போட்டு வைத்திருந்தார்கள், நினைத்தபோது கேட்கலாமே என்று. வங்கி அவற்றைக் கட்சிகளுக்கு வாடகைக்கு விட்டது. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், இரண்டுமே வாங்கின. போனை எடுத்தால், 'இது இறந்தவர் குரலில் பேசும் கருவி' என்று ஒரு வறண்ட குரல் முதலில் சொல்லும். சட்டம் அப்படி. சினிமாவுக்கு முன்னால் ஓடுகிற புகையிலை எச்சரிக்கையை யார் கவனிக்கிறார்கள்? அடுத்த நொடி பெற்ற தாய் பேசுவாள், போன புருஷன் பேசுவான். ஓட்டுப் போட்டுட்டு வா என்பார்கள்.

எல்லாருக்கும் அந்த அழைப்பு போகாது. கண்டிப்பாகப் போடுகிறவர் கருவியின் கணக்கில் 'உறுதி'. அவரைக் கூப்பிடுவது வீண். போடவே மாட்டார் என்பவரையும் விட்டுவிடும். நடுவில் இருக்கிற மதில்மேல் பூனைகளுக்கு மட்டும்தான் அழைப்பு, அதுவும் அவர்கள் ஓட்டுப் போடும்வரைதான். போட்ட மறுநிமிடம் குரல் நின்றுவிடும். பூனைகள் மணிக்கணக்கில் பேசின. பேச்சு நீள நீள, ஆள் மசிகிறார் என்று கணித்துப் பச்சைக் கோட்டை ஏற்றிக்கொண்டே போனது வருகைக்கணிப்பான். இரண்டு கட்சிக்கும் வெற்றி நிச்சயம் என்று தோன்றிவிட்டது. டி.வி. நிபுணர்கள் அலை அடிக்கிறது என்றார்கள். அலை எங்கே போய்த் தொலைந்ததோ!

"இன்னும் போடாத அத்தனை பேரையும் கூப்பிடச் சொல்லு. 'உறுதி' ஆட்களையும்தான். ஏழு மணியிலேர்ந்து ஒருத்தரையும் விடாதே," என்றார் கிரெக்.

உலகம்மை கட்டளையைப் பதிந்தாள். பதியும்போது தன் கைப்பையில் கிடந்த கவர் ஞாபகம் வந்தது. வீட்டுக்கே தபாலில் வந்த அவளுடைய வாக்குச்சீட்டு. நிரப்பி ஒட்டி வாரக்கணக்காகிறது. எல்லாத் தேர்தலிலும் முதல் ஆளாகப் போட்டு முடிக்கிறவள் இந்த முறை இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தாள். வேலை ஜாஸ்தி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய் என்றும் அவளுக்குத் தெரியும்.

அடுத்து, போடாதவர்களின் பெயர்களைத் திரையில் தள்ளிக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் விரல் நின்றது. ஆறுமுகநயினார். அவளுடைய அப்பா.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொகுதியில் இருந்த ஒரே ஆஸ்பத்திரியை நஷ்டம் என்று இழுத்து மூடியிருந்தார்கள். அந்த வருஷம்தான் அவள் அம்மா கோமதிக்கு நெஞ்சுவலி வந்தது. அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆம்புலன்சிலேயே உயிர் போய்விட்டது. மூடிய ஆஸ்பத்திரியைத் திறக்க வைப்பேன் என்று வாக்குக் கொடுத்த வேட்பாளருக்காகத்தான் உலகம்மை இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து மாரடிக்கிறாள். பெற்ற அப்பாவே போடவில்லையென்றால் ஊரைச் சொல்லி என்ன பிரயோசனம்? காரை எடுத்தாள்.

அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட பேண்ட், காலில் ஷூ. கிளம்பத் தயாராக இருந்தார், கிளம்பவில்லை. முன்னால் போன்.

"ஏன்ப்பா இன்னும் போகல?"

"போவேம்மா. என்ன அவசரம்?"

போன் அடித்தது. வறண்ட குரல் தன் எச்சரிக்கையைச் சொல்லி முடித்தது. அதன் பிறகு, "என்னங்க, சாப்டியளா?" என்றாள் கோமதி.

உலகம்மைக்கு மயிர்க்கால் குத்திட்டு நின்றது. அந்தச் 'சாப்டியளா'வின் கடைசி இழுப்பு, நடுவில் வருகிற சின்ன இருமல், எல்லாம் அப்படியே இருந்தன.

"வெளிய குளிருதாம்லா. அந்த நீலச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போங்க. போயி ஓட்டப் போட்டுட்டு வந்துருங்க, என்ன?"

"போறேன் கோமதி. குழாய் வேற ஒழுகிக்கிட்டு இருக்கு பாரு..." என்று ஆரம்பித்தார் அப்பா. குழாய், பக்கத்து வீட்டு நாய், திருநெல்வேலியில் தம்பி மகன் கல்யாணம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவளும் சலிக்காமல் உம் கொட்டினாள். கருவிக்குச் சலிப்பு ஏது?

பேச்சு முடிந்ததும் உலகம்மை மெதுவாகக் கேட்டாள். "வேணும்னுதான் போகாம இருக்கீங்களா?"

"போட்டுட்டா அப்புறம் கூப்பிட மாட்டா உலகு."

"எட்டு மணிக்கு மேல எப்படியும் கூப்பிட மாட்டாங்கப்பா."

"எட்டு மணி வரைக்கும் இருக்குல்லா."

சுவர்ப்பலகையின் மஞ்சள் கோடு ஏன் தவழ்கிறது என்று அவளுக்கு அப்போது விளங்கியது. இந்தத் தொகுதி முழுக்க, இந்த நாடு முழுக்க, எத்தனை வீட்டில் எத்தனை பேர் ஷூவை மாட்டிக்கொண்டு இப்படி உட்கார்ந்திருக்கிறார்களோ.

"அது அம்மா இல்லப்பா. மெஷின்."

"எனக்குத் தெரியாதாட்டி? காலம் பூரா கார் கம்பெனில மெஷினோட மல்லுக்கட்டினவன்தான நான். மெஷின்னு தெரிஞ்சுதான் பேசுதேன். அதுக்கென்ன இப்ப?"

"ஆஸ்பத்திரிப்பா," என்றாள், அவ்வளவுதான்.

அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து எழுந்து உள்ளே போய், நீலச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

பள்ளிக்கூடத்தில்தான் சாவடி. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி தாண்டி நன்றாக இருட்டியிருந்தது. கார் நிறுத்த இடமில்லை, அத்தனை கூட்டம். ஆனால் சாவடி வாசலில் வரிசையே இல்லை. உலகம்மை சுற்றிலும் பார்த்தாள். ஒவ்வொரு காரிலும் ஆள் இருந்தது. முகத்தில் போன் வெளிச்சம், காதோரம் கை. சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள், கண்ணைத் துடைக்கிறவர்கள் துடைத்தார்கள். ஒருவரும் கதவைத் திறக்கவில்லை.

அந்தக் கார்களுக்கு நடுவே அப்பா மட்டும் நடந்து போனார். வாசலில் ஒருதரம் நின்றார். சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

உலகம்மை கைப்பையிலிருந்து கவரை எடுத்தாள். கவர் போடுகிற பெட்டி வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இறங்கக் கார்க் கதவில் கை வைத்தபோது அவள் போன் அடித்தது. வறண்ட குரல், எச்சரிக்கை.

"ஏளா உலகு, சாப்டியா?"

அம்மாவின் பதிவுகளை அவள் எப்போது வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம், ஒரு பொத்தான் போதும். ஆனால் நாமாகப் போட்டுக் கேட்பதும் அம்மா தானாகக் கூப்பிடுவதும் ஒன்றா? அப்பாவை மட்டும் தினமும் கூப்பிடுகிறாளே, ஒழுங்காக ஓட்டுப் போடுகிற பாவத்துக்கு என்னை ஏன் ஒருதரம்கூடக் கூப்பிடவில்லை என்று உலகம்மை உள்ளுக்குள் எத்தனை நாள் வெந்திருக்கிறாள்! கவர் பையிலேயே கிடந்ததற்கு வேறு காரணமே கிடையாது.

"இல்லம்மா, இன்னும் சாப்பிடல."

"வேல வேலன்னு வயித்தக் காயப்போடாத. நேரமாவுதுலா, போயி ஓட்டப் போட்டுட்டு வந்து சாப்பிடு."

"போறேம்மா. இன்னும் நேரமிருக்கு. நீ பேசு."

அப்பா திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நெஞ்சில் 'நான் வாக்களித்தேன்' ஸ்டிக்கர். அவர் போன் சத்தமில்லாமல் கிடந்தது. மகள் மடியில் இருந்த கவரைப் பார்த்தார். அவள் காதோரத்திலிருந்து கசிந்த குரலையும் கேட்டார். கேட்பதற்கு வசதியாகத் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார்.

எட்டு மணிக்கு ஒரு பெண் வந்து கவர்ப் பெட்டியைப் பூட்டினாள். "ஏளா, இன்னொண்ணு சொல்ல மற..." என்ற இடத்தில் குரல் அறுந்தது. கார்களில் வெளிச்சம் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தது.

அந்த வாகன நிறுத்தத்தில் இருந்தவர்கள் இறங்கிப் போட்டிருந்தாலே போதும் என்கிற அளவில்தான் உலகம்மையின் வேட்பாளருக்குத் தோல்வி. ஆஸ்பத்திரி வாசலில் பூட்டு அப்படியே தொங்கியது. மக்கள் இத்தனை நேரம் வேறெந்த அழைப்பையும் கேட்டதில்லை என்று சொல்லி, இரண்டு கட்சியும் குரல்மீட்பானை அடுத்த தேர்தலுக்கும் வாங்கிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை உலகம்மை அப்பா வீட்டுக்குப் போனாள். அவர் குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் போட்டுட்டேன்லா," என்றார் நிமிராமல். "இனி என்னைய உறுதின்னு வச்சுக்கிடும். கூப்பிடாது, என்ன?"

"ஆமாப்பா."

"நீ போடலல்லா. ஒன்னையக் கூப்பிடும்."

அவள் தலையசைத்தாள். அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த எலெக்‌ஷனப்ப, ஒன் வீட்டுல வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா உலகு?"